1.5 லிட்டர் காருக்கு எந்த டர்போ? ஊட்டி மலை வரை போட்டுப் பார்த்த கணக்கு

என் வண்டி 2001 ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர், கம்பெனியிலிருந்து வந்தபோது 106 குதிரைத்திறன். இதற்கு இரண்டு முறை டர்போ போட்டாயிற்று. டர்போ என்றால், எக்ஸாஸ்ட் வாயு ஒரு பக்கச் சக்கரத்தை (டர்பைன்) சுழற்ற, அதே ஷாஃப்டின் மறுபக்கச் சக்கரம் (கம்ப்ரஸர்) இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. முதலில் போட்டது நண்பர் ஒருவர் கழற்றி வைத்திருந்த பெரிய டர்போ. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை நேர் சாலையில் நன்றாகத்தான் இருந்தது. கல்லாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் கதை மாறியது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியர், 2500 ஆர்பிஎம். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டைக் காட்டும் மீட்டரின் முள் பூஜ்ஜியத்தை விட்டு அசையாது. 4300 வந்த பிறகுதான் முள் எழும். அது எழும்போது அடுத்த வளைவு வந்துவிடும், நான் பிரேக்கில் இருப்பேன்.

அந்த டர்போவில் எந்தக் குறையும் இல்லை. என் இன்ஜினுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது முறை கணக்குப் போட்டு வாங்கினேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்), இன்ஜெக்டர், கிளட்ச் வேலையெல்லாம் இதில் வராது.

தொடங்கும் முன் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைப் பற்றியது. ஆர்சி, இன்சூரன்ஸ் இரண்டும் இதில் மாட்டும். ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

படி 1: எத்தனை குதிரைத்திறன், எந்த ஆர்பிஎம்மில்

எல்லோரும் முதல் கேள்வியை மட்டும் கேட்கிறார்கள். ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒரு வாரம் டேக்கோமீட்டரைக் கவனித்துப் பாருங்கள். நான் பார்த்தேன்: அவிநாசி சாலையிலும் மலையிலும் என் வண்டி பெரும்பாலும் 2500-க்கும் 4500-க்கும் நடுவில்தான் ஓடியது. அதனால் 3000-இல் முழு பூஸ்ட், 6500-இல் 160 குதிரைத்திறன் என்று எழுதி வைத்துக்கொண்டேன். உள்ளே இருக்கும் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் பழையவை, பங்கில் கிடைப்பதோ சாதாரண 91 ஆக்டேன் அல்லது 95 ஆக்டேன் பெட்ரோல். இதற்கு மேல் ஆசைப்பட எனக்கு மனம் வரவில்லை.

படி 2: அதற்கு எவ்வளவு காற்று வேண்டும்

டர்போ தருவது காற்று. குதிரைத்திறனைக் காற்றின் எடையாக மாற்றினால்தான் கம்ப்ரஸர் மேப்பில், அதாவது ஒரு டர்போ எவ்வளவு காற்றை எவ்வளவு அழுத்தத்தில் தள்ளும் என்று காட்டும் வரைபடத்தில், தேட முடியும்.

டர்போ போட்ட பெட்ரோல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.55 பவுண்டு பெட்ரோல் குடிக்கும். முழு லோடில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.5 பங்கு காற்று என்று வைத்துக்கொள்ளலாம். 160-ஐ 0.55-ஆல் பெருக்கினால் 88. அதை 11.5-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 16.9 பவுண்டு, அதாவது சுமார் 7.65 கிலோ. மனக்கணக்கு போதுமென்றால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்றுக்குப் பத்து குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய தவறு வராது.

படி 3: அதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும்

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். 1.493 லிட்டரை 6500-இல் பாதியான 3250-ஆல் பெருக்கி, சிலிண்டர் 90 சதவீதம்தான் நிரம்புகிறது என்று வைத்தால், நிமிடத்துக்கு 4367 லிட்டர். இந்த 4367 லிட்டருக்குள் 7.65 கிலோ காற்று அடங்க வேண்டும். அப்படியானால் ஒரு லிட்டர் காற்றின் எடை 1.75 கிராம் இருக்க வேண்டும்.

டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 55 டிகிரி செல்சியஸ் என்று வைப்போம். அந்த வெப்பத்தில், கடல்மட்ட அழுத்தமான 14.7 பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), ஒரு லிட்டர் காற்று 1.08 கிராம்தான். 1.75 வேண்டுமென்றால் அழுத்தம் 23.9 பிஎஸ்ஐ ஆக வேண்டும்.

இங்கே நில்லுங்கள். நான் முதல் முறை சறுக்கிய இடம் இதுதான். இந்த 23.9 முழு அழுத்தம், வெற்றிடத்திலிருந்து அளந்தது. உங்கள் பூஸ்ட் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள மிச்சத்தை மட்டும். கோவை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரம், இங்கே வெளிக்காற்று 14 பிஎஸ்ஐ. ஆகவே மீட்டரில் தெரிய வேண்டியது 9.9. நான் அன்று மீட்டர் எண்ணையே எடுத்து 14.7-ஆல் வகுத்து, விகிதம் ஒன்றுக்கும் குறைவாக வந்ததைப் பார்த்துக் குழம்பிப்போய், கணக்கையே மூடிவைத்துவிட்டேன். அதனால்தான் கிடைத்த டர்போவை வாங்கினேன்.

படி 4: அழுத்த விகிதம்

கம்ப்ரஸரின் வாயில் உள்ள அழுத்தத்தையும் அது வெளியே தள்ளும் அழுத்தத்தையும் ஒப்பிட வேண்டும். இன்டர்கூலரிலும் குழாய்களிலும் ஒரு பிஎஸ்ஐ போகும், அதனால் வெளியே 24.9. ஏர் ஃபில்டரில் அரை பிஎஸ்ஐ போகும், அதனால் வாயில் 13.5. வகுத்தால் 1.84.

இன்னொரு சின்னத் திருத்தமும் உண்டு. கேரட் என்ற டர்போ கம்பெனியின் மேப்புகள் வாயில் 13.95 பிஎஸ்ஐ, 85 டிகிரி ஃபாரன்ஹீட் என்ற நிலைக்கு வரைந்தவை. நம்மூர் 35 டிகிரி வெயிலுக்கும் 13.5 பிஎஸ்ஐக்கும் திருத்தினால் 16.9 பவுண்டு 17.6 ஆகும். 3000 ஆர்பிஎம்மில் இதே பூஸ்ட் என்றால் காற்று அந்த விகிதத்தில் குறைந்து 8.1.

ஆகவே நமக்கு இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டன: 8.1-இல் 1.84, 17.6-இல் 1.84.

படி 5: மேப்பில் குறிப்பது

கம்ப்ரஸர் மேப்பைக் காகிதத்தில் அச்செடுத்து, பென்சிலால் குறியுங்கள். இணையத்தில் கால்குலேட்டர்கள் உண்டு, போர்க்வார்னரின் மேட்ச்பாட் நல்ல கருவி. ஆனால் ஒரு முறையாவது கையால் போட்ட பிறகு அதற்குப் போங்கள். எந்த எண் எதை நகர்த்துகிறது என்பது கையால் போட்டால்தான் மனதில் நிற்கும்.

கீழே கிடக்கும் அச்சில் காற்று, நிற்கும் அச்சில் அழுத்த விகிதம். நடுவில் தீவு தீவாக இருப்பவை கம்ப்ரஸரின் திறன் (எஃபிஷியன்சி) கோடுகள். இடப்பக்கம் சாய்வாக ஏறுவது சர்ஜ் கோடு. அதற்கு இடப்புறம் புள்ளி போனால் காற்று முன்னும் பின்னும் அலைந்து பேரிங்கைத் தின்றுவிடும். வலப்பக்க ஓரம் சோக், அதற்கு மேல் அந்தச் சக்கரத்தால் காற்றைத் தள்ள முடியாது. 3000 ஆர்பிஎம் புள்ளி சர்ஜ் கோட்டுக்கு வலப்புறமும், 6500 புள்ளி திறன் 70 சதவீதத்துக்குக் குறையாத தீவிலும் விழ வேண்டும்.

திறன் ஏன் முக்கியம்? 35 டிகிரி காற்றை 1.84 விகிதத்தில் அழுத்தும்போது, 72 சதவீதத் திறன் உள்ள கம்ப்ரஸரிலிருந்து அது சுமார் 116 டிகிரியில் வெளியே வரும். 60 சதவீதம் என்றால் 132 டிகிரி. அந்தப் பதினாறு டிகிரியை இன்டர்கூலர்தான் சுமக்க வேண்டும். சித்திரை வெயிலில் நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாகப் பற்றித் தட்டும் சத்தம்) கேட்க ஆரம்பிப்பது இப்படித்தான்.

மேப்பின் அலகைப் பார்த்துவிட்டுக் குறியுங்கள். சில கம்பெனிகள் விநாடிக்குக் கிலோவில் போடும், அப்போது 132-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்குப் பவுண்டு. பழைய ஜப்பானிய மேப்புகள் நிமிடத்துக்குக் கன அடியில் இருக்கும், அதை 14.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ வந்துவிடும்.

இப்போது பெரிய டர்போ ஏன் சரிப்படவில்லை என்பது கண்ணுக்கே தெரியும். உதாரணத்துக்கு கேரட் ஜிடி2860ஆர்எஸ் மிகப் பிரபலமான டர்போ, கம்பெனி அதற்குச் சொல்லும் அளவு 250 முதல் 360 குதிரைத்திறன், 1.8 முதல் 3 லிட்டர் இன்ஜின். நம் 17.6 பவுண்டு அதற்குப் பாதி வேலைகூட இல்லை. 2 லிட்டர் வண்டியில் அது அருமையாக இருக்கும், 1.5-இல் காத்திருக்க வைக்கும்.

படி 6: டர்பைன் பக்கம்

கம்ப்ரஸர் மேப்பைப் பார்த்ததோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். டர்போ எப்போது ஸ்பூல் ஆகும் (பூஸ்ட் தரும் வேகத்துக்கு வரும்) என்பதில் பெரும்பங்கு எக்ஸாஸ்ட் பக்க ஹவுசிங்குக்குத்தான். ஏ/ஆர் என்பது ஹவுசிங் பாதையின் பரப்பை, மையத்திலிருந்து அதன் தூரத்தால் வகுத்தது. சின்ன எண் என்றால் சீக்கிரம் சுழலும், ஆனால் மேல் ஆர்பிஎம்மில் எக்ஸாஸ்ட் வெளியேற முடியாமல் பின்னுக்குத் தள்ளும். மிட்சுபிஷி டர்போக்களில் ஏ/ஆருக்குப் பதில் சதுர சென்டிமீட்டர் இருக்கும், இரண்டையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

எனக்கு வழிகாட்டியது கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்த வண்டிகள். ஒரு டர்போ எத்தனை லிட்டருக்கு, எத்தனை குதிரைத்திறனுக்கு வேலை செய்தது என்று பாருங்கள். மிட்சுபிஷி 3000ஜிடி விஆர்-4 இருக்கிறதே, 3 லிட்டர் வி6, இரண்டு டர்போ, 1991-இல் அமெரிக்காவில் 300 குதிரைத்திறன். ஒரு டர்போவுக்கு மூன்று சிலிண்டர், 1.5 லிட்டர், 150 குதிரைத்திறன். என் இன்ஜினை அப்படியே எழுதி வைத்ததுபோல் இருந்தது. அதில் இருந்தது டிடி04-09பி. அதைத்தான் பழையதாகத் தேடி வாங்கினேன். இப்போது கல்லாறு ஏற்றத்தில் 2900-இலேயே முள் எழுந்துவிடுகிறது.

டீசல் டர்போ போடலாமா என்று நிறையப் பேர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். பழைய டீசல் கார்களின் டர்போ மலிவாகக் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் பெட்ரோல் இன்ஜினின் எக்ஸாஸ்ட், டீசலைவிடக் கணிசமாகச் சூடானது, முழு லோடில் 900 டிகிரியைத் தாண்டும். மாறும் இதழ்கள் உள்ள விஜிடி வகையில் அந்தச் சின்ன இதழ்கள் அந்தச் சூட்டில் இறுகிவிடும். 2006-இல் போர்ஷே 911 டர்போவில் அந்த வகையைப் போட, வெப்பம் தாங்கும் தனி உலோகக் கலவைகள் தேவைப்பட்டன. தயவுசெய்து விஜிடியை பெட்ரோலில் போடாதீர்கள்.

ஊட்டிக் கணக்கு, பிறகு சேர்த்தது

"கோவையில் சரி, ஊட்டியில் என்ன ஆகும்?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, நான் யோசிக்காதது. ஊட்டி 2240 மீட்டர், வெளிக்காற்று 11.2 பிஎஸ்ஐதான். ஃபில்டர் போக 10.7. பூஸ்ட்டைக் கட்டுப்படுத்த வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட்டின் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) ஸ்பிரிங் மட்டும் உள்ள வண்டியில் மீட்டர் அதே 10-ஐக் காட்டும், விகிதம் 2.07 ஆகும், சக்தி கொஞ்சம் குறையும். ஈசியூ முழு அழுத்தத்தை 23.9-லேயே பிடித்துவைத்தால் விகிதம் 2.33-க்கு ஏறும். அங்கே குளிர் 15 டிகிரி என்று வைத்தாலும் திருத்திய காற்று 17.6-லிருந்து 21.5-க்குப் போகும். புள்ளி மேலேயும் வலப்புறமும் நகர்கிறது, சக்கரம் இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். சின்ன டர்போவுக்கு இது ஆபத்து. மலை ஏறுகிறவர்கள் இந்த மூன்றாவது புள்ளியையும் அதே காகிதத்தில் குறித்துவிடுங்கள். அது ஓரத்துக்கு வெளியே விழுந்தால் ஈசியூவில் உயரத்துக்கேற்ப பூஸ்ட்டைக் குறையுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வாங்கும்போது

பழையது என்றால் ஷாஃப்டைப் பிடித்து முன்பின்னாக இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் கைக்கு ஆட்டமே தெரியக் கூடாது. பக்கவாட்டில் லேசான ஆட்டம் சாதாரண பேரிங் டர்போவில் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டு சுற்றும்போது இதழ் ஹவுசிங்கைத் தொட்டால் வேண்டாம். டார்ச் அடித்து ஹவுசிங்கின் உள்சுவரைப் பாருங்கள். வளையமாக ஒரு பளபளப்புக் கீறல் தெரிந்தால் சக்கரம் ஏற்கெனவே உரசியிருக்கிறது.

பணம் மிச்சமிருந்தால் பூஸ்ட் மீட்டருக்கு முன்னால் எக்ஸாஸ்ட்டில் காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் ஒரு நல்ல வைட்பேண்ட் சென்சார் வாங்குங்கள். அதை லாம்டாவில் (பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான காற்று இருந்தால் 1, பெட்ரோல் அதிகமானால் அதற்கும் கீழே) படியுங்கள், முழு பூஸ்ட்டில் 0.78 முதல் 0.80. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய எண் அதற்குப் பொருந்தாது. லாம்டாவில் அந்தக் குழப்பம் இல்லை.

மாட்டும்போது எண்ணெய் திரும்பும் குழாய் டர்போவிலிருந்து நேராகக் கீழே இறங்கி, சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். என் வண்டியில் முதலில் பட்டறையில் அதை மட்டத்துக்குக் கீழே வெல்டு செய்துவிட்டார்கள். வெள்ளைப் புகை வந்ததும் டர்போ சீல் போய்விட்டது என்று கழற்றினோம், சீல் நன்றாகவே இருந்தது. இரண்டு அங்குலம் மேலே துளை போட்டு மாற்றினோம், புகை நின்றது.