பணவியல் தாளை ஐந்தொகையிலிருந்து தொடங்குங்கள்

எம்.ஏ. பொருளாதாரத்தில் பணவியல் தாள் எடுத்து வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் கோட்பாடு எதுவும் நடத்துவதில்லை. ஃபிஷர், கெயின்ஸ் போன்ற பொருளியலாளர்கள் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் சொத்துகள், மறுபக்கம் பொறுப்புகள் (கொடுக்க வேண்டியவை) என்று எழுதச் சொல்வேன். இதுதான் ஐந்தொகை.

ஒரு வங்கி, வீடு கட்டுபவருக்கு 1 லட்சம் ரூபாய் கடன் தருகிறது. சொத்துப் பக்கம் கடன் 1 லட்சம். பொறுப்புப் பக்கம் அவர் கணக்கில் வைப்பு 1 லட்சம். வேறு யார் கணக்கிலும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. நாட்டின் பண அளிப்பு, அதாவது மக்களிடம் உள்ள ரொக்கமும் வங்கி வைப்புகளும் சேர்ந்த தொகை, மட்டும் கூடிவிட்டது. ஒருவர் போட்ட பணத்தை எடுத்துத்தான் வங்கி இன்னொருவருக்குத் தருகிறது என்ற நினைப்பு இங்கேயே போக வேண்டும். போகாவிட்டால் இந்தத் தாள் கடைசி வரை பிடிபடாது.

சரி, அவர் அந்தப் பணத்தை வேறு வங்கியில் கணக்கு வைத்திருக்கும் சிமென்ட் கடைக்காரருக்கு அனுப்புகிறார். இப்போது ரிசர்வ் வங்கிக்கும் ஒரு கோடு கிழியுங்கள். முதல் வங்கி அங்கே வைத்திருக்கும் இருப்பு இறங்கும், இரண்டாவதன் இருப்பு அதே அளவு ஏறும். குறைந்ததை முதல் வங்கி எங்கே, என்ன வட்டிக்கு வாங்கும் என்று கேட்டால் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டி, தானாக வந்து நிற்கும்.

கொள்கைப் பகுதிக்கு கைடுகளை நம்பாதீர்கள். ரெப்போவை முடிவு செய்யும் பணக் கொள்கைக் குழுவின் ஆறு உறுப்பினர்களும் தங்கள் வாக்குக்குக் காரணம் எழுதுகிறார்கள். கூட்டம் முடிந்த 14ஆம் நாள் அது ரிசர்வ் வங்கி இணையதளத்தில் வந்துவிடும். 2024 ஆகஸ்டு கூட்டத்தை எடுங்கள். ரெப்போ 6.5 சதவீதமாகவே இருக்கட்டும் என்றார்கள் நால்வர். ஆஷிமா கோயலும் ஜெயந்த் வர்மாவும் கால் சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். உணவு விலை மற்ற விலைகளுக்கும் பரவிவிடும் என்ற கவலை ஒரு பக்கம், உயர்ந்த உண்மை வட்டி (பணவீக்கம் போக மிஞ்சும் வட்டி) வளர்ச்சியைப் பிடித்து இழுக்கிறது என்ற வாதம் இன்னொரு பக்கம். இரண்டையும் உங்கள் சொற்களில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து, 2025 ஜூன் அறிவிப்பு. ரொக்க இருப்பு விகிதம், அதாவது வங்கிகள் தங்கள் வைப்புகளில் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயமாக வைக்க வேண்டிய பங்கு, 4இலிருந்து 3 சதவீதமாகக் குறையும், சுமார் 2.5 லட்சம் கோடி விடுபடும் என்றார்கள். அந்தக் குறைப்பை மட்டும் ரிசர்வ் வங்கியின் ஐந்தொகையில் எழுதிப் பாருங்கள். வங்கிகளின் மொத்த இருப்பு மாறாது. கட்டாயமாக வைக்க வேண்டிய பகுதி குறைந்து, உபரி கூடும்.