முதல் மசில் காரைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? ஸ்பானரை எடுக்கும் முன் ஒரு திட்டம்

பழைய அமெரிக்கக் காரை வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். நான் பார்த்தவரை எஞ்சினால் பாதியில் நின்ற வேலை குறைவு. துருவால் நின்றது நிறைய. ஆர்வக்கோளாறில் முழுக் காரையும் ஒரே வாரத்தில் கழற்றிப் போட்டு, பிறகு கராஜ் கதவைத் திறக்கவே மனம் வராமல் போனது அதைவிட நிறைய. அந்த இரண்டும் நேராமல் இருக்கத்தான் இந்தத் திட்டம்.

நான் மிச்சிகனில் என் கராஜில் வேலை பார்த்த 1967 ஃபோர்டு மஸ்டாங் கூப்பையே (இரண்டு கதவு, நிலையான கூரை) உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மஸ்டாங் 'போனி கார்' எனும் சிறிய ஸ்போர்ட்டி ரகம், மசில் கார் என்றால் 1964 பான்டியாக் ஜிடிஓ போல நடுத்தர உடம்பில் பெரிய எஞ்சின் ஏற்றியதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் முதல் காருக்கு மஸ்டாங்கையே சொல்வேன். 1966 மாடல் மட்டுமே ஆறு லட்சத்துக்கு மேல் தயாரானது. அதனால் கதவுக் கைப்பிடியிலிருந்து ஃப்ளோர் தகடு வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

1. எதற்காக இந்தக் கார்?

ஒரு தாளில் ஒரே வரி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஓட்டவா? தொழிற்சாலையிலிருந்து வந்த அதே நிலையில் கண்காட்சிக்கா? பழைய உடம்பில் புதிய எஞ்சினும் பிரேக்கும் வைத்த ரெஸ்டோமாடா? முதல் காருக்கு என் பரிந்துரை முதலாவது. கண்காட்சிக் காருக்கு ஒவ்வொரு போல்ட்டின் தலையில் இருக்கும் குறியும் சரியாக இருக்க வேண்டும். அந்தப் பொறுமை இரண்டாவது காருக்குத்தான் வரும்.

2. காகிதமும் நம்பரும்

டைட்டில் (காரின் உரிமைப் பத்திரம்) இல்லாத காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டைட்டிலில் உள்ள நம்பரும் காரில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். 1967 மஸ்டாங்கில் பானெட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்க ஃபெண்டரை ஒட்டிய உள்தகட்டில் அந்த நம்பரைப் பார்க்கலாம்.

என் காரின் நம்பர் 7, ஆர், 01, சி என்று தொடங்கும். 7 என்றால் 1967 மாடல். ஆர் என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஆலை (டியர்பார்ன் என்றால் எஃப், மெட்டச்சன் என்றால் டி, அதாவது T). 01 என்றால் கூப். சி என்றால் இரட்டை பேரல் கார்பரேட்டர் கொண்ட 289 வி8 (289 கன அங்குலம், எட்டு சிலிண்டர்), 200 குதிரைத்திறன். எஞ்சின் எழுத்து டி (T) என்றிருந்தால் அது ஆறு சிலிண்டர் காராகப் பிறந்தது. யாரோ பின்னால் வி8 மாற்றியிருக்கலாம். அப்படியானால் சக்கர நட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கு நான்கு, வி8-க்கு ஐந்து. எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சிறிய பிரேக்கையும் ஆக்சிலையும் அப்படியே விட்ட கார்கள் ஆபத்தானவை.

1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு மார்ட்டி ரிப்போர்ட் கிடைக்கிறது. கார் ஆலையிலிருந்து வெளியே வரும்போது என்ன நிறம், என்ன வசதிகள் என்று அதில் இருக்கும். பணம் கைமாறும் முன் வாங்கிப் பாருங்கள்.

3. துரு: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

மஸ்டாங்கில் தனிச் சேசிஸ் கிடையாது. உடம்புத் தகடுதான் சேசிஸ். ஃப்ளோரில் ஓட்டை விழுந்தால் காரின் முதுகெலும்பே போகிறது.

கையில் ஒரு டார்ச், துணி சுற்றிய சிறு காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு வாளித் தண்ணீர் போதும். பின்சக்கரத்துக்குப் பின்னாலும் கதவின் அடிவிளிம்பிலும் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே தகடு இல்லை, பட்டிதான். எஞ்சின் அறையில் ஷாக் அப்சார்பர் நிற்கும் உயரமான கோபுரங்களில், மேல் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) பொருத்திய இடத்தைச் சுற்றி விரிசல் தேடுங்கள். காருக்கு அடியில் போய் ஃபிரேம் ரெயிலை (உடம்போடு வெல்டு வைத்த நீளமான பெட்டித் தகடு) ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். காரை நிறுத்தி வைத்து இரண்டு கதவுகளையும் மெதுவாகச் சாத்திப் பாருங்கள். கதவு ஒருபக்கம் இடித்து மறுபக்கம் இடைவெளி விட்டால் உடம்பு வளைந்திருக்கலாம்.

கடைசியாக வாளித் தண்ணீர். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் கம்பி இடுக்குகள் இருக்கும் பகுதிக்குக் கவுல் என்று பெயர். அதற்குள் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அது இரண்டு ஓரங்களிலும் வழிந்து வெளியேற வேண்டும். நான் வாங்கிய காரில் கார்ப்பெட் புத்தம் புதிது, கைவைத்தால் உலர்ந்துதான் இருந்தது. முதலில் இந்தச் சோதனையை நான் செய்யவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஊற்றினேன். இரண்டு நிமிடத்தில் ஆக்ஸிலரேட்டர் பெடல் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது, துருப்பொடி கலந்த பழுப்புத் தண்ணீர். கார்ப்பெட்டைத் தூக்கினால், ஓட்டையான ஃப்ளோர் மேல் ரிவெட் அடித்து ஒட்டிய தகரம். கவுலைச் சரிசெய்ய மேல்தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரிக்க வேண்டும். என் முதல் குளிர்காலம் முழுக்க அதிலேயே போயிற்று.

கவுல் ஒழுகும் காரை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து, அதற்கேற்ற விலைக்கு வாங்குங்கள்.

4. பணக்கணக்கு

உடம்பு, பெயிண்ட், மெக்கானிக்கல், உள்ளலங்காரம் என்று நான்கு பத்தி போட்டு உதிரிபாக விலைப்பட்டியலை வைத்து நிரப்புங்கள். வந்த கூட்டுத்தொகையோடு மூன்றில் ஒரு பங்கு சேருங்கள். பெயிண்டைத்தான் பலரும் குறைத்துப் போடுவார்கள். பெயிண்டுக்கு முந்தைய டிங்கரிங், தேய்ப்பு வேலைக்கான கூலிதான் அதில் பெரிய செலவு.

5. ஒரு நேரத்தில் ஒரு பகுதி

கார் எப்போதும் தன் சக்கரத்தில் நிற்கட்டும், தள்ளினால் நகரட்டும். ஒரு பகுதியைக் கழற்றி, முடித்து, பூட்டிய பிறகே அடுத்தது. கழற்றும் முன் நான்கு கோணத்தில் படம் எடுங்கள். நட்டு போல்ட்டுகளைப் பையில் போட்டு, எந்த இடத்தினது என்று பெயின்ட் மார்க்கரால் எழுதுங்கள். பழைய பாகம் உடைந்திருந்தாலும், புதியது பொருந்தும் வரை தூக்கிப் போடாதீர்கள். புதிதாக வரும் தகடு அச்சு அசலாகப் பொருந்துவது அபூர்வம், ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது வேண்டும்.

6. முதலில் நிற்கக் கற்றுக்கொடுங்கள்

பிரேக்கில் தொடங்குங்கள். 1966 வரையிலான மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) ஒற்றைச் சுற்று. ஓர் இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967 முதல் இரட்டைச் சுற்று. முந்தைய மாடல் வாங்கினால் இதை மாற்றுவதே முதல் வேலை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். நனைத்துத் துடையுங்கள்.

அடுத்து பெட்ரோல் டேங்க். இந்தக் காரில் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. டேங்கைக் கழற்றி வெளியே வைக்காமல் காரில் எங்கேயும் வெல்டிங் வைக்காதீர்கள். முன் காயில் ஸ்பிரிங்கும் அப்படித்தான். அழுத்தத்தில் இருக்கும் அந்தச் சுருளை, அதற்கென்றே உள்ள கம்ப்ரஸர் இல்லாமல் தொடவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

ஃப்ளோர் வெட்டுவதாக இருந்தால், கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பிணைத்த பிறகே வெட்டுங்கள். மிக் வெல்டிங்கில் நீளக் கோடு இழுத்தால் தகடு நெளியும். இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி என்று மாறி மாறி வையுங்கள்.

7. எஞ்சின்

பல வருடம் நின்ற எஞ்சினில் உடனே சாவி திருப்பக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊறவிட்டு, கிராங்க் போல்ட்டில் பெரிய ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் கம்ப்ரெஷன் சோதனை (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது) செய்யுங்கள். நல்ல அளவு வந்தால் எஞ்சினை இறக்காதீர்கள். டைமிங் செட்டை, அதாவது கிராங்கையும் வால்வுகளை இயக்கும் கேம் தண்டையும் இணைக்கும் செயினையும் பல்சக்கரங்களையும், மட்டும் மாற்றிவிடுங்கள். அந்தக் கால 289-இன் கேம் பல்சக்கரத்தில் நைலான் பற்கள் இருந்தன. காலப்போக்கில் அவை உடைந்து ஆயில் பேனில் விழும். கேம் பழைய ரகம் என்பதால் துத்தநாகம் சேர்ந்த ஆயிலாகப் பார்த்து ஊற்றுங்கள்.

பெயிண்ட் இதற்குப் பிறகு. சீட்டும் கார்ப்பெட்டும் கடைசி.

முதல் ஓட்டம் உங்கள் தெருவைத் தாண்ட வேண்டாம். திரும்பி வந்ததும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கி, அடியில் அட்டை விரித்து, காலையில் அதில் எந்த நிறத்தில் எங்கே சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்த வார வேலை அங்கிருந்து தொடங்கும்.