100 எம்பி லைன் இருந்தும் ஐபி போனில் குரல் உடைகிறதா? ஜிட்டரைப் பாருங்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஏற்றுமதி அலுவலகங்களில் ஐபி போன் (இன்டர்நெட் வழியே பேசும் போன்) பற்றி அடிக்கடி கேட்கும் புகார் இது: ஸ்பீடு டெஸ்டில் 100 எம்பி காட்டுகிறது, ஆனால் ஜெர்மனி பையர் பேசுவது பாதிதான் காதில் விழுகிறது. வேகத்தைக் கூட்டினால் இது தீராது. ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் வினாடிக்குச் சுமார் 87 கிலோபிட் போதும். கெடுப்பது ஜிட்டர், அதாவது பாக்கெட் (குரலைச் சுமந்து வரும் சிறு தரவுத் துண்டு) வந்துசேரும் நேரம் ஏறி இறங்குவது.

போன் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது. காட்பாடியில் சீரான இடைவெளியில் கிளம்பிய டவுன் பஸ்கள் பாகாயத்துக்கு மூன்றாகச் சேர்ந்து வருவதுபோல, அவையும் வழியில் கலைந்துவிடும். அதைச் சரிக்கட்ட எதிர்முனையில் ஜிட்டர் பஃபர் இருக்கிறது; வந்த பாக்கெட்டுகளைச் சற்றுப் பிடித்துவைத்துச் சீராக விடுவது அதன் வேலை. பஃபர் 60 மில்லிசெகண்ட் என்றால், 90 தாமதித்து வந்த பாக்கெட் குப்பைக்குத்தான் போகும். அதனால்தான் பாக்கெட் இழப்பு பூஜ்யம் என்று வரும்போதும் எழுத்துகள் விழுங்கப்படுகின்றன.

கை வைக்கும் முன் அளந்து பாருங்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் ரவுட்டர் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள், ஹைஃபன் டி (-t) சேர்த்தால் நிற்காமல் ஓடும். லேன் கேபிளில் 1 மில்லிசெகண்டை ஒட்டியே நிற்க வேண்டும். வைஃபையில் 3, 4, 58, 5, 120 என்று குதித்தால் குற்றவாளி வைஃபைதான். போனைக் கேபிளில் போடுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ்; அதுவும் இல்லையென்றால் 2.4-இல் 1, 6, 11 சேனல்களில் நெரிசல் குறைந்த ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் சுவருக்குச் சுவர் ஒரு ரவுட்டர் இருப்பதால், அங்கே கேபிளைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.

அடுத்து, கேபிளிலேயே இருந்து, போன் சேவையின் சர்வருக்குப் பிங் செய்தபடி ஒரு பெரிய ஃபைலை அப்லோடு செய்யுங்கள். 20-இல் இருந்தது 300-க்கு ஏறினால் அப்லோடு வரிசை நிரம்புகிறது என்று பொருள். சாம்பிள் போட்டோக்கள், சிசிடிவி கிளவுட் பேக்கப் எல்லாம் குரலுக்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன. பெரும்பாலான அலுவலகங்களில் நிஜமான வியாதி இதுதான். ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற வரிசை நிர்வாக வசதி இருந்தால் (ரவுட்டருக்கான ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருளில் கிடைக்கும்) ‘கேக்’ முறையைத் தேர்ந்து, அளந்த அப்லோடு வேகத்தில் 85 முதல் 90 சதவீதம் என வரம்பு வையுங்கள். முழு வேகத்தைக் கொடுத்தால் வரிசை மோடத்துக்கு நகர்ந்துவிடும், அங்கே உங்கள் கை எட்டாது. எஸ்க்யூஎம் இல்லையா? க்யூஓஎஸ்-இல் (எதற்கு முன்னுரிமை என்று சொல்லும் ரவுட்டர் அமைப்பு) டிஎஸ்சிபி 46-க்கு, அதாவது குரல் பாக்கெட்டில் வழக்கமாக இருக்கும் குறிக்கு, முதலிடம் கொடுத்து, பேக்கப்பை இரவுக்குத் தள்ளுங்கள்.

பஃபரைப் பெரிதாக்குவது கடைசி வழி. சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரைப்படி ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது. ஐரோப்பா அழைப்பில் அதில் ஏறக்குறைய பாதி கடலடிக் கேபிளிலேயே கரைந்துவிடும். பஃபரை 200 ஆக்கினால் குரல் உடையாது, ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். அடாப்டிவ் முறையில் (தேவைக்கேற்ப பஃபர் தானே கூடிக் குறையும்), குறைந்தபட்சம் 40 அல்லது 60 என்று தொடங்குங்கள். போனின் ஆர்டிபி (குரல் பாக்கெட்) கணக்கில் ஜிட்டர் 30-க்குள், இழப்பு 1 சதவீதத்துக்குள் வந்தால் போதும்.

ஒருபக்கக் குரல் மட்டும் கேட்டால் அது ஜிட்டர் அல்ல. ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி-யை (அழைப்புத் தகவலை இடையில் மாற்றி எழுதும் வசதி) அணைத்துப் பாருங்கள். கேபிளில், யாரும் எதையும் அப்லோடு செய்யாதபோதும் மாலை வேளையில் பிங் குதித்தால் அது லைன்காரர் சரிசெய்ய வேண்டியது. ரவுட்டர் பிங், வெளிப் பிங் இரண்டையும் நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். ‘உங்க வைஃபை பிரச்சினை சார்’ என்று சொல்ல இடமிருக்காது.