தானமாக வந்த வண்டி லிஃப்டை நட்டு நிறுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி – ராயக்கோட்டை சாலையில் பிக்கப் ஓட்டுநர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, அவரவர் வண்டியை அங்கேயே பழுது பார்த்துக்கொள்கிறார்கள். மூடப்பட்ட ஒரு சர்வீஸ் சென்டரிலிருந்து அவர்களுக்கு, வண்டியை மேலே தூக்கிப் பிடிக்கும் இரண்டு தூண் லிஃப்ட் ஒன்று தானமாக வந்தது. நான்கு டன் தூக்கக்கூடியது. அன்று மாலைக்குள் நிறுத்திவிடலாம் என்று பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஜாக்கி போட்டு வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தே பழகியவர்களுக்கு அந்த அவசரம் இருக்கத்தான் செய்யும். ஓசூரில் பல ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்தவன் என்பதால் என்னையும் அழைத்தார்கள். போனதும் தரையைத்தான் பார்த்தேன்.

நம் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. அந்த ஷெட்டிலும் கருங்கல் பலகைதான் தரை. “கருங்கல்லை விடவா காங்கிரீட் உறுதி?” என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கல் உறுதியானது, ஆனால் இரண்டரை அங்குலப் பலகை மண்மேல் சும்மா கிடக்கிறது, பக்கத்துப் பலகையோடு அதற்குப் பிணைப்பு கிடையாது. லிஃப்டின் கைகள் உள்பக்கமாக நீண்டு வண்டியைத் தாங்குகின்றன. அதனால் எடை ஏறியதும் தூண் உள்ளே சாயப் பார்க்கும். தூணைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுகளில் வெளிப்பக்கம் இருப்பவை மேல்நோக்கி இழுபடும். அந்த இழுப்பில் பலகையும் சேர்ந்து பெயர்ந்து வரலாம். போதாக்குறைக்கு, ஆங்கர் போல்ட் துளைக்குள் விரிந்து பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. ஓரத்துக்கு அருகில் இறுக்கினால் கல் பிளந்துகொள்ளும்.

அடுத்து வந்த யோசனை, பலகையின் மேலேயே மூன்று அங்குலம் காங்கிரீட் போட்டுவிடலாம் என்பது. இதுவும் தவறு. பழைய தரையும் புதிய பூச்சும் ஒரே கட்டியாகச் சேராது. மேல் ஏடு தனியாக உரிந்துவிடும். நாங்கள் பலகைகளைப் பெயர்த்து, தோண்டி, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கினோம். இரண்டு தூண்களும் ஒரே பாளத்தில் நிற்கும்படி, கம்பி கட்டி, எட்டு அங்குலக் கனத்தில் எம் 25 தரக் காங்கிரீட் போட்டோம். எம் 25 என்றால் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும் கலவை. உங்கள் லிஃப்டின் கையேடு எவ்வளவு கனம் கேட்கிறதோ, அதற்கு ஓர் அங்குலம்கூடக் குறைக்காதீர்கள்.

அந்த 28 நாள்தான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். மாங்காய் சீசன் நெருங்கிக்கொண்டிருந்ததால் ஓட்டுநர்களுக்கு அவசரம். ஏழாம் நாள் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் காங்கிரீட் கல்லைப்போலவே ஒலிக்கும். அப்போது அதன் பலம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில், பத்தாம் நாளே தூணை நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். குறித்த இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று ஒலிக்கும் டார்க் ரெஞ்சால் நட்டைத் திருப்பத் திருப்ப அது சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் வரவே இல்லை. குனிந்து பார்த்தால், போல்ட் ஒரு விரல்கடை மேலே எழும்பியிருந்தது. அதைச் சுற்றிச் சாம்பல்நிறத் தூள் வளையமாகக் கிடந்தது. நல்ல வேளை, மேலே வண்டி இல்லை. அதை இவர்களிடம் சொன்ன பிறகுதான் காத்திருக்கச் சம்மதித்தார்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிபிசி (PPC) எனப்படும், சாம்பல் கலந்த சிமென்ட். அதற்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் வேண்டும், வெயில் காலத்தில் பதினான்கு.

துளை போடும்போது செய்யும் தவறு சிறியதாகத் தெரியும். துளைக்குள் தூள் தங்கினால் போல்ட்டின் விரியும் வளையம் தூளைத்தான் பிடிக்கும், காங்கிரீட்டைப் பிடிக்காது. பிரஷ்ஷால் தேய்த்து, கம்ப்ரசர் காற்றால் ஊதி, மறுபடி தேய்த்து ஊத வேண்டும். லிஃப்டோடு வந்த பழைய ஆங்கர் போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். அவை ஒரு முறைக்கானவை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். லிஃப்டுக்கு அது பொருந்தாது; இதில் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தூணுக்குள் ஏணிப்படிபோல் வரிசையாக இருக்கும் லாக் பற்களில் ஒன்று மழுங்கியிருந்தாலும் அந்த உயரத்தில் வண்டி நிற்காது. ஒயர் ரோப்பை, அதாவது இரும்பு இழைக் கயிற்றை, ஒரு துணியால் பிடித்து முழு நீளமும் உருவிப் பாருங்கள். அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். ஆயில் ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவாதீர்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையைப் பிடித்துப் பாருங்கள். எத்தனை டன் தூக்கும், எந்த மாடல் என்று சொல்லும் தகடு இல்லாத லிஃப்டை, எவ்வளவு அன்போடு கொடுத்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது.

பதினைந்து பேர் இருந்தால் பதினைந்து குரல் எழும். தூணைத் தூக்கும்போது கட்டளை ஒருவரிடமிருந்து மட்டும் வரட்டும். கயிற்றைக் கட்டி ‘ஐலசா’ போட்டு நிமிர்த்தும் வேலை இங்கே வேண்டாம், சங்கிலியால் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை வாடகைக்கு எடுங்கள். தகரக் கூரையின் உயரத்தைத் தூண் வருமுன்பே அளந்துவிடுங்கள்; தூணுக்கு மேல், உயர்த்திய வண்டியின் கூரைக்கும் இடம் வேண்டும்.

மின் இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். த்ரீ ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஃபேஸ் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். லிஃப்ட் ஏறாது, பம்ப் கெட்டுப்போகும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் மோட்டார் சூடேறிக் கருகும். எர்த் இல்லாமல் சுவிட்சைத் தொடவே கூடாது.

முதன்முதலில் வண்டியை ஏற்றப் போனபோது, பின்தட்டில் பத்துத் தக்காளிக் கிரேட் இருந்ததை முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிக்கப்பில் சுமை பின்னால் இருந்தால் எடையின் மையமும் பின்னால் நகர்ந்துவிடும். கிரேட்களை இறக்கிய பிறகே வண்டியை ஏற்றினோம். சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் நிறுத்தி, வண்டியை நன்றாக உலுக்கிப் பாருங்கள். வேலைக்கு வேண்டிய உயரத்துக்குப் போனதும், இரண்டு தூணிலும் லாக் விழுந்த சத்தம் கேட்ட பிறகு, எடை முழுவதும் லாக்கின்மேல் உட்காரும்படி சற்றே இறக்குங்கள். ஆயில் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் வண்டிக்கடியில் ஒரு நிமிடம்கூட யாரும் போகக் கூடாது. இந்த ஒன்றில் எந்த ஓட்டுநரின் அவசரத்துக்கும் நான் இணங்கியதில்லை.

போல்ட்டுகள் சில நாள் ஓட்டத்தில் தளரும். நட்டையும் அடித்தகட்டையும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். காலையில் ஷெட்டைத் திறப்பவர் குனிந்து அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மெயின் சுவிட்சைப் போடுகிறார்.