சென்னையில் சிறுகடை தொடங்குவோர் மாநகராட்சியின் அதிகார எல்லையை அறிந்து செயல்படுவது எப்படி?

சென்னையில் சிறுகடை தொடங்க எண்ணுவோர், வாடகையும் முன்பணமும் பேசுவதற்கு முன்பே, அந்தத் தெருவில் எது மாநகராட்சியின் கையில் இருக்கிறது, எது இல்லை என்பதை அறிந்துகொள்ள வேண்டும். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 18 பணிகளை நகர உள்ளாட்சிகளுக்கு உரியவையாகப் பட்டியலிட்டாலும், அவற்றுள் எவற்றை ஒப்படைப்பது என்ற முடிவை மாநில அரசிடமே விட்டுவிட்டது. அதனால்தான் 1688இல் தொடங்கப்பட்ட இந்த மாநகராட்சியிடம் இன்றும் குடிநீரும் கழிவுநீரும் இல்லை. அவை குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. மின்சாரம் மின்வாரியத்திடமும், நிலப் பயன்பாட்டு வகைப்பாடு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடமும் உள்ளன. தொழில் உரிமம், சொத்து வரி, தொழில் வரி, குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் போன்றவை மாநகராட்சியின் பொறுப்பில் வருபவை.

முதலில் கட்டட உரிமையாளரிடம் சொத்து வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வீடு என்று மதிப்பிடப்பட்ட இடத்தில் கடை வந்தால் வரி உயரும். அந்த உயர்வை யார் ஏற்பது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தொழில் உரிமத்தையும் கடை திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கடை வாசலில் பள்ளம் தோண்டிப் போட்டு, வாடிக்கையாளர் பலகை மீது நடந்து வர வேண்டிய நிலை ஏற்பட்டால், தோண்டியவர் யார் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். மழைநீர் வடிகால் என்றால் வார்டின் உதவிப் பொறியாளருக்கும், கழிவுநீர்க் குழாய் என்றால் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்துக்கும் மனு போக வேண்டும். கதவு எண், தோண்டிய தேதி, புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்து, மாமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். மாநகராட்சிக்குரிய புகார்களை 1913 என்ற எண்ணிலும் பதியலாம்.

2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகம் நடந்ததால், அந்த ஆண்டுகளில் இப்படி நகல் கொடுக்கக்கூட வார்டில் ஆள் இல்லை. சிறு வணிகருக்கு அது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். 200 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் வந்த பிறகு, வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டுள்ளன. அங்கே தனியாகப் போவதைவிட, அதே தெருவின் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரே கோரிக்கையை எழுத்தில் வைப்பதே பலன் தரும்.

சாலையோர வியாபாரிகளுக்கு வழி வேறு. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதத்தினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். விற்பனை மண்டலங்களை வகுப்பதில் அந்தக் குழுவின் பரிந்துரைக்கு இடமுண்டு. ஆகவே சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பின்போது தவறாமல் பெயரைப் பதிந்து அடையாள அட்டை பெறுங்கள். குழுத் தேர்தலில் வாக்களியுங்கள்.