லைன் இல்லாமலே எஸ்கியூஎல் பழகலாம்

டேட்டா இன்ஜினியர் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், எஸ்கியூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவல் கேட்டு எடுக்கும் மொழி) பழக, மலேசிய அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்திலிருந்து வாராந்திர எண்ணெய் விலைக் கோப்பை ஒரே ஒரு தடவை இறக்கிக்கொள்ளுங்கள். பைத்தான் நிரல்மொழியோடு சேர்ந்தே வரும் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருளில் அதை ஏற்றிப் பழகுங்கள். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இணைய லைன் சரியாகக் கிடைக்காவிட்டாலும் பயிற்சி நிற்காது, காசும் செலவில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, விடையும் கோப்பிலேயே இருப்பதுதான். ரோன்95, ரோன்97, டீசல் விலை வரிசைகளோடு, போன வாரத்தைவிட எவ்வளவு மாறியது என்ற வரிசைகளும் தனியாக உண்டு. விலை வரிசைகளை மட்டும் வடிகட்டி, முந்தைய வரிசையின் மதிப்பை எடுத்துத் தரும் 'லேக்' விண்டோ ஃபங்ஷனால் வித்தியாசத்தை நீங்களே கணக்கிடுங்கள். அப்புறம் மாற்ற வரிசைகளோடு ஒப்பிடுங்கள். தேர்வில் அடிக்கடி வருகிற கேள்வி வகை இது. வடிகட்ட மறந்தால் கணக்கு தப்பும், அதுவும் நல்ல பாடம்.

பழைய மடிக்கணினி என்றால் எஸ்கியூலைட் பதிப்பைப் பாருங்கள்: விண்டோ ஃபங்ஷன் 2018இல் வந்த 3.25 முதல்தான் உண்டு. தேதிக்கென்று தனி வகை அதில் இல்லை, அதனால் போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் தேதி ஃபங்ஷன்களை இதில் பழக முடியாது. ஸ்பார்க் (பெருந்தரவைக் கையாளும் கருவி), சிஸ்டம் டிசைன் (அமைப்பு வடிவமைப்பு) பற்றிய நேர்முகச் சுற்றுகளுக்கும் இது உதவாது.