கடினமான ஆங்கிலச் சொற்களைக் குடும்பத்தோடு பிடிப்பது எப்படி?

கல்லூரியின் கடைசி நாளில் எங்கள் ஆங்கில ஆசிரியைக்கு ஒரு வாழ்த்து அட்டை எழுதிக் கொடுத்தேன். அவர் பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சுக்கும் புரியும். அதைப் பாராட்ட 'சிம்பிள்' என்று எழுதினால் சின்னப் பிள்ளைத்தனமாக இருக்குமே என்று, மனப்பாடம் செய்துவைத்திருந்த நீளமான சொல் ஒன்றைப் போட்டேன்: 'சிம்ப்ளிஸ்டிக்'. அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏனப்பா, நான் அவ்வளவு மோசமாகவா நடத்தினேன்?" என்றார்.

சிக்கலான ஒன்றை அதன் சிக்கல் தெரியாமல் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் சிம்ப்ளிஸ்டிக். பாராட்டு அல்ல, குறை. நான் படித்த பட்டியலில் அதற்கு நேரே 'எளிமையான' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். பட்டியல்களின் கோளாறே இதுதான். சொல்லுக்குப் பொருள் இருக்கும். அதன் குணம் இருக்காது. அதன்பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். சொற்களை ஒலிப்புப்படி தமிழிலேயே எழுதுகிறேன். எழுத்துக்கூட்டலை நீங்களே அகராதியில் தேடிப் பிடியுங்கள், அதுவும் பயிற்சிதான்.

படி 1: சொற்களைப் பொறுக்குவது

ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நிறுத்தாமல் படியுங்கள். இரண்டாம் முறை படிக்கும்போது பென்சிலால் அடிக்கோடு இடுங்கள். ஐந்து சொற்களுக்கு மேல் வேண்டாம். முற்றிலும் புதிய சொற்களை விட்டுவிடுங்கள். தெருவில் அடிக்கடி எதிர்ப்படுகிற, பெயர் மட்டும் தெரியாத மனிதரைப்போல, எங்கோ பார்த்த முகமாகத் தோன்றும் சொற்களை எடுங்கள். அவைதாம் திரும்பத் திரும்ப வரப்போகிறவை.

படி 2: அகராதிக்கு முன் ஊகம்

வழக்கமாக நீட்டி முழக்குகிற அமைச்சர் அன்று 'லக்கானிக்' ஆகப் பதில் சொல்லிவிட்டு எழுந்து போனார் என்று ஒரு வரி வருகிறது. சுருக்கமாகச் சொன்னார் என்பது அகராதி இல்லாமலே பிடிபடுகிறது அல்லவா? ஊகத்தை ஓரத்தில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு சரிபாருங்கள். ஊகம் தவறினாலும் நல்லதுதான், தவறியது சுலபத்தில் மறக்காது.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. லக்கோனியா என்பது பழங்காலக் கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா என்ற நகர அரசு இருந்த பகுதி. அந்த மக்கள் வாயைத் திறந்தால் நான்கு சொல்லுக்கு மேல் பேசமாட்டார்கள். 'லக்கோனியாவுக்குள் நான் நுழைந்தால் உங்களை விரட்டியடிப்பேன்' என்று மாசிடோனிய மன்னர் பிலிப் மிரட்டி எழுதினாராம். ஸ்பார்ட்டாவிலிருந்து ஒரே சொல்லில் பதில் போனது: 'நுழைந்தால்.' பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கும் கதை இது. ஆங்கிலத்தில் அந்தப் பதில் வெறும் 'இஃப்'. நம் மொழியில் 'ஆல்' தனியாக நிற்காது என்பதால் வினையையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

படி 3: அகராதியில் என்ன பார்ப்பது

முதலில் ஒலிப்பு. எழுத்தைப் பார்த்து 'ஹைப்பர்போல்' என்று வாசிப்போம். அது 'ஹைப்பர்பலி', உயர்வு நவிற்சி. 'எபிடோம்' என்று வாசிப்பது உண்மையில் 'எபிட்டமி'. கைப்பேசி அகராதியில் ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டு இரண்டு முறை கேளுங்கள். பிறகு அது பெயர்ச்சொல்லா, வினையா, உரிச்சொல்லா என்று பாருங்கள். கடைசியாக, எடுத்துக்காட்டு வாக்கியம். அதைப் படிக்காமல் அகராதியை மூடுகிறவர்கள்தாம் என்னைப்போல் வாழ்த்து அட்டை எழுதுகிறவர்கள்.

படி 4: பிரித்துப் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஆங்கிலத்தின் கனமான சொற்களில் பெரும்பகுதி லத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து வந்தவை. அவற்றைப் பிரித்தால், உள்ளே நம் தமிழ்ச் சொல்லின் கட்டமைப்பே சில நேரம் அப்படியே இருக்கும்.

லத்தீனில் 'அனிமஸ்' என்றால் மனம். 'மேக்னஸ்' என்றால் பெரிய. இரண்டும் சேர்ந்தால் 'மேக்னானிமஸ்'. நாம் என்ன சொல்கிறோம்? பெருந்தன்மை. 'யூனஸ்' என்றால் ஒன்று; அனிமஸோடு சேர்ந்தால் 'யுனானிமஸ்'. நம் தீர்மானங்கள் எப்படி நிறைவேறும்? ஒருமனதாக! சமம் என்ற பொருளுள்ள முன்பகுதியைச் சேர்த்தால் 'ஈக்வனிமிட்டி', இன்பமோ துன்பமோ வந்தாலும் ஆடாத சமநிலை மனம். மூன்று சொற்களை மூன்று நாள் உருப்போடுவதற்குப் பதில் ஒரு வேரைப் பிடித்து ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

ஆனால் உறவு முறையை நம்பி ஏமாறவும் வாய்ப்பு உண்டு. இதே குடும்பத்தில் 'பியூசிலானிமஸ்' என்று ஒன்று இருக்கிறது. பிரித்தால் மிகச் சிறிய மனம். உடனே 'அற்ப புத்தி' என்று எழுதத் தோன்றும். பொருள் அதுவல்ல, கோழைத்தனம். 'இன்' என்று தொடங்கினால் எதிர்மறை என்று நம்பி, லாரியின் பின்புறம் 'இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருப்பதை எரியாத சரக்கு என்று படித்துவிடாதீர்கள். எளிதில் தீப்பற்றும் என்பதுதான் அதன் பொருள். வேர், நினைவில் வைக்க உதவும் கைப்பிடி. பொருளுக்கு அகராதிதான் சாட்சி.

இன்னொரு குடும்பம், நம் பாட்டி வைத்தியத்துக்குப் பக்கத்து வீடு. நமக்கு வாதம், பித்தம், கபம் என்று மூன்று. பழைய கிரேக்க மருத்துவத்தில் இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு. எது மிகுந்திருக்கிறதோ அதுவே மனிதரின் குணம் என்று நம்பினார்கள். இரத்தம் மிகுந்தவர் 'சாங்குவின்', எல்லாம் நல்லபடி முடியும் என்று நம்புகிறவர். மஞ்சள் பித்தம் மிகுந்தவர் 'கோலரிக்', சட்டென்று கோபம் வருகிறவர். கரும்பித்தம் 'மெலங்கோலி', காரணம் சொல்லத் தெரியாத துயரம். கபம் மிகுந்தவர் 'ஃபிளக்மாட்டிக்', இடி விழுந்தாலும் அசையாதவர். பித்தம் தலைக்கேறிவிட்டது என்று திட்டி வளர்ந்த நமக்கு இந்த நான்கையும் நினைவில் வைப்பது கடினமா என்ன?

படி 5: அட்டையும் பெட்டியும்

விசிட்டிங் கார்டு அளவில் அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். என் அட்டை ஒன்று இப்படி இருக்கும். முன்பக்கம்: 'தன்னை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றவரை வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பாராட்டிய தலைவர் ______.' பின்பக்கம்: 'மேக்னானிமஸ். பெருந்தன்மையுள்ள. உறவு: யுனானிமஸ், ஈக்வனிமிட்டி. யாருக்கு: வென்றவர், அதிகாரம் உள்ளவர்.' அந்தக் கடைசி வரியைத்தான் பட்டியல்கள் தருவதில்லை.

மூன்று பெட்டிகள் வேண்டும், மிட்டாய்க் கடை அட்டைப்பெட்டியே போதும். புதிய அட்டை முதல் பெட்டிக்கு. அதைத் தினமும் பாருங்கள். சரியாகச் சொன்னால் இரண்டாம் பெட்டி, மூன்று நாளுக்கு ஒருமுறை. மீண்டும் சரியென்றால் மூன்றாம் பெட்டி, ஞாயிறுதோறும். எந்தப் பெட்டியில் இருந்தாலும் தவறினால் நேராக முதல் பெட்டிக்குத் திரும்ப வேண்டும், சலுகை கிடையாது. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதினார். பெட்டி முறையை 1970களில் பரப்பியவர் செபாஸ்டியன் லைட்னர். கைப்பேசியே வசதி என்றால் 'அங்கி' என்ற செயலி, அட்டையை எப்போது மறுபடி காட்டுவது என்பதைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். எனக்கு அட்டைதான். கையால் எழுதியது மனதில் தங்குகிறது.

படி 6: உங்கள் வீட்டு வாக்கியம்

ஒவ்வொரு சொல்லையும் வைத்து, அகராதியைப் பாராமல், உங்கள் வாழ்க்கையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'சாம்பாரில் உப்பே இல்லை என்பதைத் தாத்தா ஈக்வனிமிட்டியோடு ஏற்றுக்கொண்டார்' என்பதுபோல. சொல் எங்கே பொருந்தாது என்பதும் இப்போதுதான் தெரியவரும். 'நான் யுனானிமஸாக முடிவெடுத்தேன்' என்று எழுதினால் உறுத்தும். ஒரே ஆள் ஒருமனதாக முடிவெடுக்க முடியாதே. எழுதியதை ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். விடுப்புக் கடிதத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், காய்ச்சலுக்குக் காய்ச்சல் என்ற சொல்லே போதும்.

ஆசிரியைக்கு எழுதியிருக்க வேண்டிய சொல் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தலையங்கத்தில் கிடைத்தது: 'லூசிட்'. தெளிவாக விளங்கும்படி பேசுவது, எழுதுவது. லத்தீனில் 'லக்ஸ்' என்றால் ஒளி. 'எலூசிடேட்' என்றால் விளக்கு. தமிழிலும் விளக்குவதும் விளக்குத்தான், ஏற்றி வைப்பதும் விளக்குத்தான். இந்த அட்டை என்னிடம் ஒருமுறைகூட முதல் பெட்டிக்குத் திரும்பியதில்லை.